அம்மா துவக்கு எடுத்த பின்னேரம்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு, இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்பக்கங்களில் தேவாரமும் வம்சாவளியும் வந்திருக்கின்றன. அம்மாவின் தெய்வபக்தியைப் பற்றித் தங்கை எழுதியிருக்கிறாள். அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றி என் மனைவி எழுதியிருக்கிறாள். இரண்டும் உண்மை. ஆனால் அவற்றை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போனால் நீங்கள் அம்மாவில் அரைவாசியைத்தான் தெரிந்துகொண்டு போகிறீர்கள். நான் நாற்பது வருடம் நில அளவையாளனாக வேலை செய்தவன். அரைவாசி எல்லையைக் கீறிவிட்டு வரைபடத்தில் கையெழுத்து வைக்க எனக்கு மனம் வராது. ஆகவே, எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, மெல்பேணுக்குக் கிழக்கே ஒரு பண்ணையில், அம்மா புறா சுட்ட கதையை எழுதுகிறேன். நினைவு மலரில் எழுதக்கூடிய கதையா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். அம்மா இருந்திருந்தால் முகம் சுளிக்கமாட்டார். எத்தனை புறா என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லியிருப்பார்.

அம்மா வன்னியில் பிறந்தார். முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு குளத்தை நம்பி வயல் செய்த குடும்பம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கலியாணம் செய்துகொண்டு வடமராட்சிக்கு வந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பல்லியைக் கூட விளக்குமாற்றால் மெல்லத் தள்ளிவிடுகிற சாதுவான மனிதர். அப்பாவின் வீட்டில் அம்மாவை முதல் சில வருடங்கள் ‘வன்னியாள்’ என்றுதான் சொன்னார்கள். அதில் பாதி பகிடி, பாதி இளக்காரம். அம்மா மறுபேச்சுப் பேசியதில்லை. இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டில் எல்லாருக்கும் சமைத்தார், மாமியாரைக் கடைசிவரை பார்த்தார், என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். நான் புலமைப்பரிசில் பெற்று மெல்பேணுக்கு வந்து, படிப்பை முடித்து, இங்கேயே வேலையும் எடுத்தேன். வேலை கிடைத்த அடுத்த வருடம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. செத்தவீடு, எட்டாம் நாள் சடங்கு, அந்தியேட்டி எல்லாம் முடிந்தவுடன் அம்மாவின் இடம் வீட்டின் பின்னறைக்கு மாறிவிட்டது. வெள்ளைச் சேலை. நல்லது கெட்டதுக்கு முன்னால் வரக்கூடாது, பயணம் போகிறவர்களின் முகத்தில் முழிக்கக்கூடாது. யாரும் கெட்ட மனதோடு செய்யவில்லை, அப்படித்தான் வழக்கம் என்று செய்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறாத கோபம். அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. வவுனியாவில் புருசன் வீட்டில் இருந்த தங்கை, அம்மா யாரோடும் கதைப்பதில்லை என்று கடிதம் போட்டாள். ஆறு மாதம் என்னோடு வந்து நின்று போகும்படி எழுதி, போக வர ரிக்கற் எடுத்து அனுப்பினேன்.

அம்மா வந்தார். ஸ்பிரிங்வேலில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. நான் காலையில் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் திரும்பி வருவேன். அம்மா குசினி ஜன்னலால் கீழே கார் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் எந்தக் கார் யாருடையது, யார் எத்தனை மணிக்குப் போய் வருகிறார் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஐந்தாம் மாதம் அவர் ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ரிக்கற்றில் திரும்பும் நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது அம்மா பெட்டியை எடுத்துத் துடைத்தார்.

“வந்த அலுவல் முடிஞ்சுது மோனை. நீ சுகமாய் இருக்கிறாய், பாத்திட்டன். இனி நான் அங்கை போய் ஒரு மூலையிலை இருக்கிறன்.”

அந்த மூலை எது என்று எனக்குத் தெரியும். அங்கே திரும்பிப் போனால் அம்மாவின் வாழ்க்கை நாற்பத்தெட்டு வயதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. நில்லுங்கோ என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், நின்று என்ன செய்ய என்று கேட்பார். கார் நிற்கும் இடத்தைப் பார்க்கத்தான் என்று சொல்ல முடியுமா?

இந்த இடத்தில்தான் ரெஜ் வருகிறார். கிப்ஸ்லாந்துப் பக்கம் மாடும் பார்லியும் வைத்திருந்த பண்ணைக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய காணியின் எல்லையை அளக்கப் போன இடத்தில் பழக்கமானவர். மே மாதம், விதைப்பு முடிந்த நேரம். விதைத்த பார்லியைப் புறாக்கள் கூட்டமாய் வந்து பொறுக்குகின்றன, சனிக்கிழமை பின்னேரம் சுடப்போகிறேன் என்று சொன்னவர், எனக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். துவக்கு என்று நாங்கள் சொல்வதைத்தான் தமிழ்நாட்டு நண்பர்கள் துப்பாக்கி என்கிறார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். இருபத்தேழு வயது, புதிய நாடு, ஆறடி மனிதன் குனிந்து கேட்கிறார். தெரியாது என்று சொல்ல எந்த இளந்தாரிக்கு மனம் வரும்? அதற்கு முன் நான் கையில் எடுத்த ஆயுதம் பென்சில் சீவுகிற கத்தி மட்டும்தான்.

அம்மாவின் பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை அது. அவரைத் தனியே விட மனமில்லாமல் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் என்னுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, மடியில் கைப்பை. ஒன்றரை மணித்தியாலப் பயணத்தில் அம்மா பத்துச் சொல் பேசியிருக்கமாட்டார். பண்ணையில் ரெஜ்ஜின் மனைவி மார்ஜரி ஓடிவந்து, சேறாக இருக்கிறது என்று சொல்லித் தன்னுடைய இறப்பர் சப்பாத்தை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மாவுக்கு அது இரண்டு அளவு பெரிது. மறுக்காமல் போட்டுக்கொண்டார்.

அங்கே பழைய தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. அதன் கூரைக்குள் புறாக்கள் குடியிருந்தன. ரெஜ் தகரத்தில் தட்டினால் அவை வெளிக்கிட்டு, ஒரு வட்டம் அடித்து, ஓடைக்கரையில் நின்ற கம் என்கிற யூக்கலிப்ரஸ் மரங்களில் போய் இருக்கும். சற்று நேரத்தில் அங்கிருந்து வயலில் இறங்கும். மரங்களுக்குள் நின்று, அவை வந்து இறங்கும்போது சுட வேண்டும். ரெஜ் ஒரு பெரிய மரத்தடியில் என்னை நிறுத்தி, தன்னுடைய இரட்டைக் குழல் துவக்கைத் தந்தார். அம்மாவை எங்களுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இருக்க வைத்தோம். அம்மா தேத்தண்ணியை ஊற்றிக் குடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார்.

முதல் வெடியில் என் தோள் கழன்றது போல் இருந்தது. புறா ஒன்றும் விழவில்லை. இரண்டாவது வெடிக்கு ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. காற்று ஒரு மாதிரி அடிக்கிறது என்று ரெஜ் பெருந்தன்மையாகச் சொன்னார். அங்கே காற்றே இல்லை. மறுபடி தகரத்தில் தட்ட அவர் திரும்பியபோது அம்மா எழும்பி வந்துவிட்டார்.

“மோனை, உது மண்வெட்டி இல்லை. இஞ்சை கொண்டா.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி ரெஜ்ஜிடம் கையை நீட்டி, துவக்கு என்றார். ரெஜ் விளங்காமல் பார்க்கவே, இன்னும் உறுதியாக, துவக்கு என்றார். ரெஜ்ஜின் காதில் அது ‘டு வேர்க்’ என்று விழுந்திருக்கிறது. வேலைக்கு இறங்குவோம் என்று இந்த அம்மா சொல்கிறார் என எண்ணிக்கொண்டு, ஓம் ஓம், வேலைக்கு இறங்குவோம் என்று தானும் சொன்னார். ஆனால் நீட்டிய கைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என் கையிலிருந்து துவக்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். சட்டதிட்டங்கள் இன்றைய மாதிரி இறுக்கமில்லாத காலம், அவருடைய சொந்தக் காணி. இருந்தாலும் அம்மாவின் மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

அம்மா துவக்கை மடித்துத் திறந்தார். வெற்றுத் தோட்டா இரண்டையும் எடுத்து என் கையில் தந்தார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்துவிட்டு, ரெஜ் கொடுத்த புதுத் தோட்டாக்களைப் போட்டார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். கைலேஞ்சியை நாலாய் மடித்துத் தோளுக்கும் கம்பளிச் சட்டைக்கும் இடையில் வைத்தார். பிறகு ரெஜ் காட்டிய பெரிய மரத்தடியை விட்டுவிட்டு, முப்பது அடி தள்ளி, ஓடை வளையும் இடத்தில் ஒரு பட்ட மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். தேத்தண்ணி குடித்த நேரத்தில் அம்மா பார்த்தது இதைத்தான் என்று எனக்குப் பிறகு விளங்கியது. புறாக்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்ட மரத்தின் மேலால்தான் பதிந்து வந்தன.

ரெஜ் போய்த் தகரத்தில் தட்டிவிட்டு, ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். கூட்டம் கிளம்பியது, வட்டம் அடித்தது, பதிந்தது. அம்மா அவசரப்படவில்லை. முன்னால் வந்தவற்றைப் போக விட்டார். ஒரு வெடி, ஒரு புறா. மற்றக் குழலால் இன்னொரு வெடி, இன்னொரு புறா. மூன்றாவது வெடி பிழைத்தது, அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். நாலாவதிலும் ஐந்தாவதிலும் விழுந்தன. ஐந்து வெடி, நாலு புறா. அம்மாவுக்காகக் கணக்கைச் சரியாக எழுதிவிட்டேன். இருபத்தேழு வருடமாக என்னை வளர்த்த மனுசியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதைப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆறாவது முறை ஒரு புறா பதிவாக வந்தது. நல்ல பெரிது, கொழுத்தது, சுடுவதற்கு மிகவும் வாய்ப்பான உயரம். அம்மா துவக்கை உயர்த்தினார். உயர்த்தியவர் இறக்கிவிட்டார். அது அவருடைய தலைக்கு மேலால் இறகு மினுங்கப் பறந்து போனது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்த ரெஜ், திறந்த வாயோடு நின்றார். அது இந்த நாட்டுக்கே உரிய புறா, சட்டப்படி சுடக்கூடாது, இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“அது தனிய வந்தது. களவெடுக்க வாறது கூட்டமாய் எல்லோ வரும்” என்றார் அம்மா.

நான் மொழிபெயர்த்ததைக் கேட்டு ரெஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆனால் அவருக்கு உண்மையில் அம்மாவின் மேல் மதிப்பு வந்தது அதற்குப் பிறகு, திரும்பி வரும் வழியில். நடுவில் ஒரு கம்பிவேலி. அம்மா வேலிக்கு முன்னால் நின்று, துவக்கை மடித்து, தோட்டாக்களை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் துவக்கை வேலிக்கு மேலால் ரெஜ்ஜிடம் நீட்டி, பிறகுதான் சேலையை ஒதுக்கிக்கொண்டு வேலியைக் கடந்தார். தன் காணிக்குச் சுட வருகிற ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் இல்லை என்று ரெஜ் மார்ஜரியிடம் சொன்னார். அதை அவர் வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் சொன்னார்.

அன்றைய தேநீர் நேரம் தனிக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ஜரியும் அம்மாவும் ஒரு வாளிக்கு இரண்டு பக்கமும் இருந்து புறாவை உரித்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை, இருவரும் பேச்சை நிறுத்தவும் இல்லை. அம்மாவின் கைப்பைக்குள் கடவுச்சீட்டுக்கும் திருநீற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் கறித்தூள் இருந்தது. அவர் மார்ஜரியின் குசினியில் நின்று ஒரு சட்டி கறி வைத்தார். ரெஜ் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். ஆறு மாதத்தில் அம்மா சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

புறப்படும் நேரம். அம்மா வீட்டை விட்டு இறங்கும்போது ஒருநாளும் ‘போறன்’ என்று சொல்லமாட்டார். கீழே குப்பை கொட்டப் போனாலும் ‘வாறன்’தான். நம் ஆட்கள் யார்தான் ‘போறன்’ என்று சொல்கிறோம்? ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு உற்சாகம் கூடி, நான் வாய் திறக்க முன்னமே தானே இங்கிலீசில் விடைபெற்றார். மார்ஜரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “ஐ கமிங்” என்றார். ரெஜ்ஜைப் பார்த்தும், “ஐ கமிங்” என்றார்.

ரெஜ்ஜின் முகம் மலர்ந்தது. நல்லது, அடுத்த சனிக்கிழமையா என்று கேட்டார். அன்று முழுக்க ரெஜ் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டியதைப் போல அதற்கும் அம்மா தலையாட்டினார். நான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன், ஒன்றும் காதில் விழவில்லை.

வீடு வரும்வரை அம்மா பேசினார். தகப்பனுக்கு வலது கண்ணில் பூ விழுந்தபின் வயலுக்குக் காவல் இருந்தது தான்தான் என்றார். பன்றிக்கும் வெடி வைத்திருக்கிறாராம். கலியாணத்துக்குப் பிறகு அப்பாவின் வீட்டில் இதை வெளியில் சொல்லக்கூடாது, நாலு பேர் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். சரி, எனக்கும் தங்கைக்குமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழலாம் போல் இருந்தது. நிறுத்தவில்லை. வியாழக்கிழமை அம்மா விமானம் ஏறப்போகிறார், அந்தப் பின்னறைக்கு. நான் அப்போதும் கேட்கவில்லை. கோழை என்று என்னை யாரும் சொன்னால் மறுக்கமாட்டேன்.

புதன்கிழமை காலை, அலுவலகத்துக்கு ரெஜ்ஜின் தொலைபேசி அழைப்பு வந்தது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்றார். பக்கத்துப் பண்ணைக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறாராம், அவர்கள் அம்மா சுடுவதை நம்பமாட்டோம் என்கிறார்களாம். மார்ஜரி கேக் செய்கிறாராம். அந்தச் சிவப்புத் தூளையும் மறக்க வேண்டாமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா நாளைக்கு இலங்கைக்குப் போகிறாரே என்றேன். ஆனால் வருவதாக அவர் சொன்னாரே, இரண்டு தரம் சொன்னாரே என்றார் ரெஜ், மனம் நொந்துபோன குரலில்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து இதைப் பகிடியாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். பெட்டி கட்டி, கயிறும் போட்டு, கதவடியில் நின்றது. ‘ஐ கமிங்’ என்றால் இங்கிலீசில் மெய்யாகவே வருகிறேன் என்று கருத்து, அந்தச் சனங்கள் அதை நம்பிக் கேக்கும் செய்கிறார்கள், நான் பேசி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தார்.

“நான் வாறன் எண்டு சொன்னனானோ?”

“ஓம் அம்மா. ஆனா நீங்கள் அந்தக் கருத்திலை சொல்லேல்லைத்தானே.”

“அவை அந்தக் கருத்திலை எல்லோ கேட்டவை” என்றார். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விடுறதோ? ரிக்கற்றை ஒரு கிழமை தள்ளிப் போடு.”

தள்ளிப் போட்டேன். சனிக்கிழமை போனோம். அம்மா அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுக்கவில்லை. தங்கைக்குக் கொண்டுபோவதற்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த நீலப் பூச்சேலையை அவிழ்த்து உடுத்தியிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, வெள்ளையில் சேறு பிடிக்கும் என்றார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் கைகட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். அம்மா அவர்களை ஏமாற்றவில்லை. தேநீர் முடிந்து புறப்படும்போது, அம்மா மார்ஜரியின் கையைப் பிடித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, நல்ல தெளிவாக, “ஐ கமிங்” என்றார்.

முதல் முறை சொன்னது பிழை. இரண்டாம் முறை அம்மா வேண்டுமென்றேதான் சொன்னார். நான் ஆறு மாதம் கேட்கத் துணியாததை ரெஜ் தெரியாமல் கேட்டுவிட்டார். அம்மா தெரிந்தே மறுமொழி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை குடிவரவு அலுவலகத்தில் படிவம் வாங்க வரிசையில் நின்றேன். அந்த ரிக்கற்றின் திரும்பும் பாதி பாவிக்கப்படாமலே என்னிடம் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகான அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தார். வியட்நாமியப் பெண்களோடும் கிரேக்கக் கிழவர்களோடும் தன் இங்கிலீசில் பேரம் பேசினார். தங்கை குடும்பத்தையும் மெல்பேணுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். எண்பதுகளில் ஊர் எரிந்து சனம் வரத் தொடங்கியபோது, எங்கள் வீட்டு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களில் சிலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். யார் வந்தாலும் அம்மா முதலில் சாப்பாடு போட்டார், பிறகு வேலை பார்த்துக் கொடுத்தார், பிறகு ஒரு கேள்வி கேட்டார். உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார். அதை மற்ற யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சண்டைக்கும் அம்மா பின்நின்றதில்லை. கடை முதலாளியோடு ஒருமுறை வெண்டிக்காய் முற்றலா இளசா என்று பிடித்த சண்டையில் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பண்ணைப் பயணம் மட்டும் நிற்கவில்லை. கண் மங்கியதும் அம்மா துவக்கைத் தொடுவதை விட்டார். தூள் போத்தலை விடவில்லை. இங்கிலீசு எவ்வளவோ திருந்தியும் அந்த ‘ஐ கமிங்’ திருந்தவில்லை. நடுவில் ‘ஆம்’ போடவேண்டும் என்று நான் ஒருமுறை சொல்லப்போக, உன்ர இலக்கணத்தை நீ வைச்சுக்கொள், அவைக்கு விளங்குது என்றார்.

ரெஜ் அம்மாவுக்குப் பதினொரு வருடம் முந்திப் போனார். அவருடைய செத்தவீட்டில் அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் வெகு நேரம் நின்றார். பிறகு மார்ஜரியைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி நடந்தார். மார்ஜரிக்கு அது மனதைத் தைத்துவிட்டது. முப்பது வருடமாகச் சொன்ன ‘ஐ கமிங்’கை இன்றைக்கு உன் அம்மா ஏன் சொல்லவில்லை, என்னிடம் இனி வரமாட்டாரா என்று என்னைக் கேட்டார். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது நாங்கள் ‘வாறன்’ என்று சொல்வதில்லை, அந்த மாதிரிக் காரியத்துக்கு இன்னொரு முறை வருகிறேன் என்று கருத்துப்படும், ஆகவே சொல்லாமல் இறங்கிப் போய்விடுவோம் என்று விளங்கப்படுத்தினேன். அடுத்த சனிக்கிழமை அம்மா போய் நின்றபோது மார்ஜரி சமாதானமானார்.

அம்மாவின் கடைசி நாட்களில் பெரிய வேதனை இருக்கவில்லை. தொண்ணூறு வயது. ஒரு மாலைப்பொழுது மூச்சு முட்டுகிறது என்றார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். பார்க்க வந்த எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஏழாம் நாள் விடிய, தங்கையின் கை அவருடைய நெற்றியில் இருக்க, அம்மாவின் மூச்சு அடங்கியது. ஒரு நல்ல மனுசி நிறைவாக வாழ்ந்துவிட்டுப் போனார் என்று அழாமல் எழுத நினைத்தேன். முடியவில்லை, போகட்டும்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அந்த ஆறு நாளும் அம்மாவைத் தங்கள் தாயைப் போலப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டவுடன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த உறவினர்களுக்கும், சிட்னியிலிருந்து இரவிரவாகக் கார் ஓடி வந்த மச்சானுக்கும் மச்சாளுக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் நடத்திய ஐயர் அவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக எடுத்துக்கொண்ட ஸ்பிரிங்வேல் அயலவர்களுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் இருக்கும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். செத்தவீட்டன்று, பேத்தி கார் ஓட்ட, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மார்ஜரி வந்தார். இந்த வயதில் இவ்வளவு தூரம் ஏன் சிரமப்பட்டீர்கள் என்று வாசலில் கேட்டேன். கடைசியாகப் பார்த்தபோது உன் அம்மா வருவதாகச் சொன்னார், அந்தச் சனிக்கிழமை வரவில்லை, ஆகவே நான் வந்தேன் என்றார். பெட்டியடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இங்கே இதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும், நீதான் சொல்லித் தந்தாய் என்று மெல்லச் சொன்னார். பிறகு குனிந்து, அம்மாவின் கையைத் தொட்டு, நடுவில் ‘ஆம்’ போடாமல், அம்மா சொன்னபடியே சொன்னார்.

“ஐ கமிங்.”

எங்கள் ஆட்கள் சிலர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன். மார்ஜரி அன்ரிக்கு எங்கள் நன்றி.